ஆயுள் சந்தாக் கணக்கு



சென்ற மாதம் கும்பகோணத்துப் பக்கமிருந்து ஓர் இன்லண்ட் கடிதம் வந்தது. எழுதியவருக்கு 83 வயது. மடிப்பு, ஓரம், பசை தடவும் இடம் என்று எதையும் வீணாக்காமல் நுணுக்கி எழுதும் தலைமுறை. ஒரு கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். பந்திக்கு அழைப்பு வரும்வரை பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேச்சுக் கொடுத்ததில், அவரும் நம் சந்தாதாரர் என்று தெரிந்திருக்கிறது. பிறகு பெண் வீட்டுக்காரர் ஒருவர், நாதஸ்வரக் கச்சேரி அருகே இன்னொருவர். ஆக நான்கு பேர். நான்கு பேருக்கும் எண்பது தாண்டிவிட்டது. நான்கு பேரும் முதல் இதழ் தொட்டு வாசிப்பவர்கள். "உங்கள் பத்திரிகையில் ஏதோ லேகியம் கலக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆயுளைக் கூட்டும் இதழ் என்று விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள், யோசனைக்குக் காசு வேண்டாம்" என்று முடித்திருந்தார்.

பத்திரிகைக்காரனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? உடனே கடிதங்கள் பகுதிக்கு அனுப்பிவிட்டேன். எங்கள் துணை ஆசிரியர் புள்ளியியலில் முதுகலை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். அதற்காக அவருடைய அம்மா இன்னும் என்னை மன்னிக்கவில்லை. மெய்ப்பைப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தார்.

"கடிதம் நல்லா இருக்கு சார், போடலாம். ஆனா எழுபதுல போய்ச் சேர்ந்த சந்தாதாரருங்க யாரும் அந்தக் கல்யாணத்துக்கு வந்திருக்க மாட்டாங்களே."

சிரித்துவிட்டேன். ஆனால் அந்த வார்த்தை மாலைவரை விடவில்லை. அலமாரியிலிருந்து பழைய சந்தாப் பேரேட்டை எடுத்து வரச் சொன்னேன். ஆரம்பித்த புதிதில் நாங்கள் ஆயுள் சந்தா சேர்த்தோம். யாருடைய ஆயுள், பத்திரிகையுடையதா வாசகருடையதா என்று நண்பர்கள் அப்போதே கேலி செய்தார்கள். சிறுபத்திரிகை உலகத்தில் பெரும்பாலும் பத்திரிகைதான் முந்திக்கொள்ளும். ஏதோ புண்ணியம், நாம் இன்னும் வந்துகொண்டிருக்கிறோம்.

நீளவாக்கில் பைண்டு செய்த நோட்டு அது. பெயர், முகவரி, சேர்ந்த தேதி, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். சில கட்டங்களில் சிவப்பு மையில் 'காலமானார், மகன் கடிதம்'. சிலவற்றில் பென்சிலால் 'வீடு மாற்றம்'. அதிகம் இருப்பது 'தபால் திரும்பியது'. உறையின் மேல் தபால்காரர் கிறுக்கிய 'லெஃப்ட்' என்ற துண்டைச் சந்தாப் பிரிவு அக்கா அப்படியே கத்தரித்து ஒட்டி வைத்திருக்கிறார். எங்கே போனார்கள்? இருக்கிறார்களா? நோட்டு சொல்லாது. நம் ஆயுள் சந்தாதாரர் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்கிறார் என்று இந்த நோட்டை வைத்துச் சொல்ல முடியுமா என்று துணை ஆசிரியரிடம் கேட்டேன். "முடியும் சார். ஆனா போனவங்களை என்ன பண்றதுன்னு முதல்ல முடிவு பண்ணணும்" என்றார்.

இந்த மாதப் பக்கம் அந்தக் கேள்வியைப் பற்றித்தான். நீங்கள் மாஸ்டர் ஹெல்த் செக்கப் போனால் டாக்டர் சொல்லும் எண்கள் பலவும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்களின் உழைப்பிலிருந்து வந்தவை.

அமெரிக்க ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் இதய மருத்துவர் ஒருவர் பரிசோதித்தபோது ரத்த அழுத்தம் 186/108. அடுத்த ஆண்டு ஏப்ரல் 12ஆம் தேதி மூளையில் ரத்தம் கசிந்து இறந்த அன்று 300/190. இரண்டாம் உலகப் போரை நடத்திய மனிதரின் பிரஷர் இது. நம்மால் நம்ப முடியாதது என்னவென்றால், அந்தக் காலத்தில் பல டாக்டர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை என்பதுதான். வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும், ஏறினால்தான் ரத்தம் போகும் என்ற எண்ணம் பரவலாக இருந்தது. மாரடைப்பு ஏன் வருகிறது, யாருக்கு வருகிறது என்று சொல்ல ஆளில்லை. 1948 ஜூனில் அப்போதைய ஜனாதிபதி ட்ரூமன் தேசிய இதயச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதே ஆண்டு பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் ஃபிரேமிங்ஹாம் என்ற சிற்றூரில் ஓர் ஆய்வு தொடங்கியது.

ஆய்வின் யோசனை மிக எளிது. அதனாலேயே கடினம். இதய நோய் இல்லாதவர்களாகப் பிடிப்பது. அளக்க வேண்டியதை எல்லாம் அளப்பது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அழைத்து மறுபடி அளப்பது. யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று காத்திருப்பது. 30 முதல் 62 வயதுவரை 5,209 பேர் சேர்ந்தார்கள். அதில் பெண்கள் 2,873 பேர், பாதிக்கும் மேல். இதய நோய் ஆண்களின் சமாசாரம் என்று நினைத்த காலத்தில் இது சாதாரணம் அல்ல. முதலில் போட்ட திட்டம் 20 ஆண்டு. அறுபதுகளின் இறுதியில், போதும் மூடலாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது. ஆய்வை நெடுங்காலம் நடத்திய தாமஸ் டாபர் தனியாரிடம் நிதி திரட்டிக் காப்பாற்றினார். 1971இல் பிள்ளைகள் தலைமுறை 5,124 பேர், 2002இல் பேரப்பிள்ளைகள் தலைமுறை 4,095 பேர். மூன்று தலைமுறையாக ஓர் ஊர் தன் கையை நீட்டி ரத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

நமக்கு அந்நியமான வேலை அல்ல இது. செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசிச் சோதனையில் 2,81,161 பேருக்கு ஊசி போட்டார்கள். சிலருக்கு மருந்து, சிலருக்கு வெற்று ஊசி. பிறகு 15 ஆண்டு பின்தொடர்ந்தார்கள். இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய் யாருக்குக் காசம் வந்தது என்று பார்த்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்ற கசப்பான விடை கிடைத்தது. உலகமே அந்த விடையை உற்றுப் பார்த்தது. வாசலில் நின்று கதவைத் தட்டிய பணியாளர்களைப் பற்றி யாராவது ஒரு நாவல் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இப்போது போனவர்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

பத்து சந்தாதாரர் ஒரே நாளில் சேர்ந்ததாக வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டு ஒருவர் காலமானார். ஐந்தாம் ஆண்டு இருவருக்குப் போன தபால் திரும்பியது. எட்டாம் ஆண்டு இன்னொருவர் காலமானார். எட்டாண்டு முடிவில் எத்தனை விழுக்காட்டினர் உயிரோடு இருப்பார்கள்? காணாமல் போன இருவரும் இருக்கிறார்கள் என்று நம்பினால் 80. இறந்துவிட்டார்கள் என்று பயந்தால் 60. அவர்களே வேண்டாம் என்று பெயரை அடித்துவிட்டால் எட்டுக்கு ஆறு, 75. மூன்றுமே தவறு. மூன்றாவதுதான் நியாயம்போலத் தோன்றும். ஆனால் அந்த இருவரும் ஐந்தாண்டு நம் கண்ணெதிரே உயிரோடு இருந்தார்களே, அந்த ஐந்தாண்டை எதற்காகக் குப்பையில் போடுவது?

விடை இப்படி: மூன்றாம் ஆண்டு பத்துப் பேர் இருந்தார்கள், ஒன்பது பேர் தப்பினார்கள். பத்துக்கு ஒன்பது. ஐந்தாம் ஆண்டு யாரும் இறக்கவில்லை, இருவர் விடைபெற்றார்கள், அவ்வளவுதான். எட்டாம் ஆண்டு களத்தில் இருந்தவர் ஏழு பேர், தப்பியவர் ஆறு. ஏழுக்கு ஆறு. இரண்டையும் பெருக்கினால் சுமார் 77 விழுக்காடு. காணாமல் போனவர் இருந்தவரைக்கும் கணக்கில் இருந்தார், போன பிறகு இல்லை. பள்ளிக்கூடப் பெருக்கல்தான். ஆனால் இதை ஒழுங்காக எழுதி நிரூபித்துப் புள்ளியியல் இதழில் போட 1958 ஆகிவிட்டது.

எழுதியவர்கள் எட்வர்ட் காப்லன், பால் மேயர் என்ற இருவர். சேர்ந்து எழுத உட்கார்ந்தவர்கள் அல்லர். காப்லன் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் இருந்தார். கடலுக்கடியில் போடும் தொலைபேசிக் கம்பியில் வைக்கும் வால்வுகள் எத்தனை காலம் உழைக்கும் என்பது அவர் கவலை. அந்தக் கால ரேடியோவில் செக்கச்செவேல் என்று எரியுமே, அந்த வால்வுதான். கடலுக்கடியில் போய் மாற்ற முடியாது. மேயருக்குக் கவலை புற்றுநோயாளிகள். இருவர் கட்டுரையும் ஒரே இதழுக்குப் போக, ஒன்றாக எழுதுங்கள் என்று யோசனை வந்தது. நான்கு ஆண்டு கடிதம் எழுதி எழுதி ஒப்பேற்றினார்கள். அதற்குள் வேறு யாராவது முந்திவிடுவார்களோ என்ற பயம் வேறு. இன்று புற்றுநோய் மருந்து பற்றிய எந்தக் கட்டுரையைப் பிரித்தாலும் படிக்கட்டுபோல இறங்கும் ஒரு கோடு இருக்கும். அது இவர்கள் போட்ட கோடு. வால்வுக்கும் மனிதனுக்கும் ஒரே கணக்கு என்பதில் எனக்கு இன்னும் கொஞ்சம் கூச்சம் உண்டு.

பாதியில் போனவர்களுக்குப் புள்ளியியலார் வைத்திருக்கும் பெயர் 'சென்சார் ஆனவர்கள்'. சினிமா சென்சாரேதான். ஆனால் இங்கே யாரும் கத்தரிக்கோலோடு உட்கார்ந்திருக்கவில்லை. டூரிங் டாக்கீஸில் இடைவேளைக்குப் பிறகு கரண்ட் போன மாதிரி என்று சொன்னால் பொருந்தும். நாயகன் அதுவரை உயிரோடு இருந்தான் என்பது நிச்சயம். அதற்குப் பிறகு நமக்குத் தெரியாது.

இதில் ஒரு முள் இருக்கிறது. போனவர்களும் இருப்பவர்களைப் போன்றவர்களே என்று நம்பினால்தான் இந்தக் கணக்கு செல்லும். எங்கள் அக்காவைக் கேட்டேன். "தபால் திரும்பி வந்தவங்கள்ல பாதிப் பேர் உடம்பு முடியாம மகன் வீட்டுக்கோ மக வீட்டுக்கோ போனவங்களா இருக்கும் சார்" என்றார். அப்படியானால் போனவர்கள் இருப்பவர்களைவிட நலிந்தவர்கள். நம் 77 கொஞ்சம் மிகைதான். எந்தச் சூத்திரமும் இதைச் சரிசெய்துவிடாது, முகவரியைத் தேடிப் பிடித்தால்தான் உண்டு. அதனால்தான் ஃபிரேமிங்ஹாமில் மருத்துவமனைப் பதிவு, இறப்புச் சான்றிதழ், ஊரைவிட்டுப் போனவர்களின் புது முகவரி என்று எதையும் விடாமல் துரத்தினார்கள். நீண்டகால ஆய்வில் பெரிய புள்ளியியல் கருவி தொலைபேசிதான் என்பது எங்கள் துணை ஆசிரியரின் கட்சி.

இங்கிலாந்தில் இன்னொரு வழி கண்டார்கள். 1951 அக்டோபர் கடைசியில் ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில்லும் நாட்டிலுள்ள 59,600 மருத்துவர்களுக்குத் தபால் போட்டார்கள். புகைபிடிப்பீர்களா, எத்தனை, எப்போது விட்டீர்கள் என்று சில கேள்விகள் மட்டும். மூன்றில் இரண்டு பங்கினர் பதில் எழுதினார்கள். மருத்துவர்களை ஏன் பிடித்தார்கள்? அவர்கள் மருத்துவப் பதிவேட்டில் இருப்பார்கள், தொலைய மாட்டார்கள். 29 மாதத்தில் 35 வயதுக்கு மேற்பட்ட ஆண் மருத்துவர்களில் 789 பேர் இறந்தார்கள், அதில் 36 பேர் நுரையீரல் புற்றுநோயில். அந்த 36 பேரும் யார் எவ்வளவு புகைத்தார்கள் என்று அடுக்கிப் பார்த்தபோதே விஷயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

இங்கே ஒரு சிக்கல். 1951இல் புகைத்தவர் 1960இல் விட்டுவிடுகிறார். 1975இல் இறக்கிறார். அவரை எந்தப் பக்கம் எழுதுவது? நம் ஊர் மேஸ்திரிக்கு இது கேள்வியே இல்லை. ஓர் ஆள் காலையில் சித்தாள் வேலை, மதியத்துக்குமேல் கொத்தனார் வேலை பார்த்தால் அரை ஆள் இங்கே, அரை ஆள் அங்கே என்று கூலி போடுவார். ஆய்வாளர்களும் அப்படியே. தலையை எண்ணாமல் ஆள்-ஆண்டை எண்ணினார்கள். ஒன்பது ஆண்டு புகைத்தவர் கணக்கில், மீதி விட்டவர் கணக்கில். அதற்காகத்தான் 1957, 1966, 1971, 1978, 1991, 2001 என்று மறுபடி மறுபடி கேட்டு எழுதினார்கள். 2004இல், ஐம்பது ஆண்டுக் கணக்கு வெளிவந்தபோது டாலுக்கு வயது 91. புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து ஆண்டு முன்னதாகப் போனார்கள். அறுபது வயதில் விட்டவருக்கு மூன்று ஆண்டு திரும்பக் கிடைத்தது, ஐம்பதில் ஆறு, நாற்பதில் ஒன்பது, முப்பதில் விட்டவருக்கு ஏறக்குறைய பத்தும். ஒரு மனிதர் தன் முப்பதுகளின் இறுதியில் கேட்ட கேள்விக்குத் தொண்ணூறில் தானே பதில் எழுதிவிட்டுப் போவதைவிட நிறைவான வாழ்க்கை எனக்குத் தெரிந்து இல்லை.

ஃபிரேமிங்ஹாமுக்கு வேறொரு தலைவலி. மாரடைப்பு வந்தவருக்குப் பிரஷரும் இருக்கிறது, கொலஸ்ட்ராலும் இருக்கிறது, சிகரெட்டும் பிடிக்கிறார், எடையும் கூடுதல். குற்றவாளி யார்? பழைய வழி, அஞ்சறைப் பெட்டிபோல அறை அறையாகப் பிரிப்பது. பிரஷர் குறைவு, நடுத்தரம், அதிகம் என மூன்று. கொலஸ்ட்ரால் மூன்று. சேர்த்தால் ஒன்பது அறை. பத்துக் காரணங்களை இப்படி மும்மூன்றாகப் பிரித்தால் 59,049 அறை வரும். ஆட்களோ 5,209. கடுகைப் போட அறை இருக்கிறது, அறைக்குக் கடுகு இல்லை.

இந்த முட்டுச்சந்தில் வழி கண்டவர் ஜெரோம் கார்ன்ஃபீல்ட். கல்லூரியில் வரலாறு படித்தவர் என்பது எனக்குப் பிடித்த செய்தி. அறைகளை மறந்துவிட்டு, ஒவ்வொரு காரணமும் எடையைத் தராசுத் தட்டில் போடுவதுபோல ஒரு சமன்பாடு எழுதினார். பிரஷருக்கு இவ்வளவு, வயதுக்கு இவ்வளவு, சிகரெட்டுக்கு இவ்வளவு என்று கூட்டி, கூட்டியதைப் பூஜ்யத்துக்கும் நூறுக்கும் இடையில் விழும்படி ஒரு வளைகோட்டில் ஏற்றினார். 1962இல் இரண்டு காரணங்களோடு செய்து பார்த்து, 1967இல் ஏழு காரணங்களோடு, பன்னிரண்டு ஆண்டுத் தரவின் மேல் அவரும் கூட்டாளிகளும் செய்து காட்டினார்கள். மற்றவை ஒன்றாக இருக்கும்போது பிரஷர் மட்டும் எவ்வளவு கெடுதல் என்று முதல்முறையாகச் சொல்ல முடிந்தது.

ஆனால் அது 'பன்னிரண்டு ஆண்டுக்குள் வந்ததா இல்லையா' என்று மட்டும் கேட்டது. இரண்டாம் மாதம் வந்தவரும் பதினோராம் ஆண்டு வந்தவரும் ஒன்றா? பாதியில் போனவர்? இதை 1972இல் லண்டனில் டேவிட் காக்ஸ் அவிழ்த்தார். அவர் செய்ததைப் புரிந்துகொள்ள எனக்கு எங்கள் தெருப் பொங்கல் விழா உதவியது.

மியூசிக்கல் சேர் நடக்கிறது. பாட்டு நிற்கும்போதெல்லாம் ஒருவர் வெளியே. காக்ஸ் சொல்வது: பாட்டு எவ்வளவு நேரம் ஓடியது என்று கவலைப்படாதே, அது மைக் செட்காரர் இஷ்டம். நின்ற ஒவ்வொரு முறையும் ஒன்றே ஒன்று கேள். அப்போது சுற்றிக்கொண்டிருந்த இத்தனை பேரில் ஏன் இவர்? தொப்பை உள்ளவரா, வயதானவரா, பேச்சில் கவனம் போனவரா? அடுத்த முறை மிச்சமிருப்பவர்களை வைத்து அதையே கேள். நடுவில் அம்மா கூப்பிட்டுச் சாப்பிடப் போன பையன்? அவன் சுற்றியவரை எல்லாக் கேள்வியிலும் இருந்தான், போன பிறகு இல்லை. தாமதமாக வந்து சேர்ந்தவனும் அப்படியே. பாதி ஆட்டத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வேகம் பிடித்தவன்? அடுத்த கேள்வியிலிருந்து அவன் வெறுங்காலன். மாரடைப்பின் 'பாட்டு' எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அது தெரியாமலே, யார் விழுவார்கள் என்பதில் பிரஷரின் பங்கை அளக்கலாம் என்று அவர் காட்டிவிட்டார். உலகத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட அறிவியல் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

கணக்கு எவ்வளவு நுட்பமானாலும் உள்ளே போடும் எண் சரியாக இருக்க வேண்டுமே. என் அப்பா பிரஷர் நோட்டு ஒன்று வைத்திருந்தார். நோட்டு என்றால் நகைக்கடைக் காலண்டரின் கிழித்த தாள்களை நூலால் தைத்தது. ஒரு வாரத்தை அப்படியே எடுத்து எழுதுகிறேன்: திங்கள் 164/92. செவ்வாய் 138/84. புதன் எழுதவில்லை, பக்கத்தில் 'கரண்ட் பில் க்யூ'. வியாழன் 171/96. வெள்ளி 142/80. இதில் அப்பாவின் பிரஷர் எது? திங்கட்கிழமை அவரை ஓர் ஆய்வில் சேர்த்திருந்தால் 'அதிகம்', செவ்வாய் சேர்த்திருந்தால் 'நடுத்தரம்'. ஒருமுறை மட்டும் அளந்தால், உண்மையில் அதிகம் இல்லாதவர் சிலர் 'அதிகம்' வரிசையிலும், அதிகம் உள்ளவர் சிலர் 'குறைவு' வரிசையிலும் போய் நின்றுவிடுவார்கள். கலப்படப் பாலில் கொழுப்பு குறைவாகக் காட்டுவதுபோல, பிரஷரின் கெடுதலும் குறைவாகத் தெரியும். 1990இல் ஒன்பது ஆய்வுகளின் 4,20,000 பேர் தரவைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஃபிரேமிங்ஹாமில் அதே ஆட்களை ஆண்டுகள் கழித்து மறுபடி அளந்த எண்களை வைத்து இந்தக் கலப்படத்தைச் சரிசெய்தார்கள். பிரஷருக்கும் பக்கவாதம், மாரடைப்புக்கும் உள்ள தொடர்பு முன்பு கணித்ததைவிடச் சுமார் 60 விழுக்காடு வலுவாக இருந்தது. திரும்பத் திரும்ப அளப்பதன் அருமை இது. அப்பாவின் தாள்கள் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. கடைசித் தாளில் ஞாயிறு வரை இருக்கிறது.

இனி நம் கும்பகோணத்து நண்பரின் லேகியம்.

19ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் பதிவாளர் அலுவலகத்து வில்லியம் ஃபார் இந்தப் பொறியைக் கண்டு சிரித்திருக்கிறார். பிஷப்புகளும் நீதிபதிகளும் தளபதிகளும் நெடுநாள் வாழ்கிறார்கள், ஆகவே இளைஞர்களுக்கு எல்லாம் அந்தப் பதவிகளைக் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று சொல்வது எப்படி இருக்கும்? இருபத்தைந்தில் இறந்தவன் பிஷப் ஆக முடியாது. பிஷப் ஆகும்வரை அவர் சாகாவரம் பெற்றவர். ஃபார் சிரித்தும் உலகம் திருந்தவில்லை. 2001இல் ஆஸ்கர் விருது வாங்கிய நடிகர்கள் வாங்காதவர்களைவிட 3.9 ஆண்டு கூடுதலாக வாழ்கிறார்கள் என்று மதிப்புமிக்க மருத்துவ இதழிலேயே கட்டுரை வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின, நாமும் ஒரு துணுக்கு போட்டோம் என்று நினைக்கிறேன். அறுபது வயதில் விருது வாங்கியவரின் முதல் அறுபது ஆண்டையும் 'விருதாளர்' கணக்கில் சேர்த்திருந்தார்கள். விருது கைக்கு வந்த நாளிலிருந்து மட்டும் எண்ணி 2006இல் வேறு சிலர் திருப்பிப் பார்த்தபோது ஓர் ஆண்டு அளவுக்குத்தான் வித்தியாசம் மிஞ்சியது. அதுவும் தற்செயலாக இருக்கலாம். நாற்பது ஆண்டு சந்தா கட்டியவர் எண்பது தாண்டியிருப்பதில் நம் லேகியத்துக்கு எவ்வளவு பங்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

போன ஆண்டு என் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் ஏதோ தட்டி, "பத்து வருஷத்துல பதினாலு பர்சன்ட்" என்றார். வீடு வரும்வரை நூற்றில் அந்தப் பதினான்கில் நான் உண்டா என்று யோசித்துக்கொண்டே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்விக்கு விடை இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. என்னைப் போன்ற வயதும் பிரஷரும் கொலஸ்ட்ராலும் உள்ள நூறு பேரில் பதினான்கு பேருக்கு வரும் என்பதுதான் அந்த எண். அந்த நூறு பேர் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. ஃபிரேமிங்ஹாமின் முதல் தலைமுறையில் ஏறக்குறைய எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையர்கள். அவர்கள் சமன்பாட்டை மற்ற மக்கள்மேல் போட்டுப் பார்த்தபோது, எந்தக் காரணம் எவ்வளவு கெடுதல் என்ற விகிதம் பெரும்பாலும் பொருந்தியது. ஆனால் ஜப்பானிய அமெரிக்க ஆண்கள் போன்ற சில கூட்டத்தாருக்கு மொத்த எண்ணை மறுபடி ஒத்திசைக்க வேண்டியிருந்தது என்று 2001இலேயே எழுதினார்கள். வெளியூர்த் தையல்காரர் தைத்த சட்டை மாதிரி. கை நீளம் சரியாக இருக்கும், தோள் இடிக்கும். என் தோளுக்கு அளவெடுத்தது எது என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று. ராமச்சந்திரன் வாசன் முதலாசிரியராக 2002இல் ஃபிரேமிங்ஹாமிலிருந்து ஒரு கட்டுரை எழுதினார். 55 முதல் 65 வயதுக்குள் பிரஷர் இல்லாமல் இருப்பவர்களுக்கும் மிச்ச ஆயுளில் அது வருவதற்கான வாய்ப்பு 90 விழுக்காடு என்றது அது. அந்த 90, வேறு நோயால் முந்திப் போகிறவர்களைச் சரிக்கட்டாத எண். அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டுமானால் அவர்களைக் 'காணாமல் போனவர்' என்று எழுதக்கூடாது. தபால் திரும்பியவருக்குப் பின்னால் பிரஷர் வரலாம், காலமானவருக்கு வராது. சிவப்பு மையும் பென்சிலும் வேறு வேறு என்று எங்கள் அக்கா முப்பது ஆண்டாகக் கடைப்பிடிப்பதும் இதைத்தான்.

கடிதத்தை இந்த இதழில் போட்டிருக்கிறோம். லேகியம் பற்றிய வரியும் அப்படியே இருக்கிறது, துணை ஆசிரியர் ஆட்சேபிக்கவில்லை. எழுதிய பெரியவருக்கு மட்டும் ஒரு செய்தி. பேரேட்டில் உங்கள் வரியைத் தேடினேன். நீங்கள் ஆயுள் சந்தாதாரர் இல்லை ஐயா. ஆண்டுச் சந்தா. முதல் ஆண்டிலிருந்து ஒருமுறைகூட விடாமல் மணியார்டர் வந்திருக்கிறது, உங்கள் குறிப்புக் கட்டத்தில் தேதிகளைத் தவிர வேறு எதுவும் இல்லை. இந்த ஆண்டுக்கானது வரும் மார்ச்சோடு முடிகிறது.

அன்புடன்,
ஆசிரியர்